ஒரு பீலியைத் தேடி வரைந்த வரைபடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தை இரண்டு வருடமாக வரைந்துகொண்டிருக்கிறேன். மாரியம்மன் திருவிழாவின்போது அந்தப் படத்தை வாசிகசாலைச் சுவரில் ஒட்டி வைத்தோம். அதிலிருந்து பள்ளிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், கொழும்பில் வேலை செய்துவிட்டு லீவுக்கு வரும் தம்பி தங்கைகள் என்று பலரும் கேட்டபடி இருக்கிறார்கள். தங்கள் தோட்டத்தையும் இப்படி வரைந்து பார்க்க நினைப்பவர்களுக்காக, அதிகம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எதைத் தேடி வரையத் தொடங்கினீர்கள்?

என் அப்பாயி கடைசி மூன்று மாதம் படுக்கையில் இருந்தார். குழாய்த் தண்ணீரைக் கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது வேணாம் தாயி, பெரிய பீலித் தண்ணி கொண்டா" என்பார். பீலி என்றால் மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஊற்று நீரை மூங்கில் வைத்தோ தகரம் வைத்தோ ஒழுகவிட்டிருக்கும் இடம். குடிக்க, குளிக்க, துணி துவைக்க, நாலு வார்த்தை பேச எல்லாவற்றுக்கும் அதுதான். ஆனால் 'பெரிய பீலி' எதுவென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அப்பா ஒரு பக்கம் கையைக் காட்டினார், அத்தை வேறு பக்கம் காட்டினார். அப்பாயி போய்ச் சேர்ந்தபிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு கொப்பித் தாளை எடுத்து எனக்குத் தெரிந்த பீலிகளையெல்லாம் புள்ளி வைத்தேன். அதுதான் ஆரம்பம்.

பட்டம் எதுவும் இல்லாதவர் செய்வதை ஆராய்ச்சி என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். பதில் தெரியாத ஒரு கேள்வி இருக்கிறது, அதைத் தேடும் வழியை மற்றவருக்கு விளக்க முடிகிறது, தப்பு என்று தெரிந்தால் திருத்திக்கொள்கிறீர்கள் என்றால் அது ஆராய்ச்சிதான். உங்கள் சொந்தக் குடும்பத்துக் கேள்வி என்பதால் அது சின்னதாகிவிடாது. நம்மைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி தோட்டக் கணக்குப் புத்தகத்திலும் குடியுரிமைக் கோப்பிலும் இருக்கிறது. அதில் அப்பாயிக்கு ஒரு நம்பர் உண்டு, பீலிக்கு அதுவும் கிடையாது. அந்தத் தாள்களில் இல்லாததை யாராவது ஒருவர் நடந்து போய்த்தான் எழுத வேண்டியிருக்கிறது.

என்னிடம் தெளிவான கேள்வி இல்லை. அது வந்தபிறகு தொடங்கட்டுமா?

காத்திருக்க வேண்டாம். மனதை உறுத்தும் ஓர் இடத்திலிருந்து தொடங்குங்கள். சின்ன வயதில் போகக்கூடாது என்று சொன்ன பாதையாக இருக்கலாம், இடிந்துபோன ஒரு லயமாக (தொழிலாளர் வரிசை வீடாக) இருக்கலாம், பெயர்க் காரணம் தெரியாத ஒரு மலையாக இருக்கலாம். எதையும் பார்க்காமல், போனைத் திறக்காமல், நினைவிலிருந்து மட்டும் வரையுங்கள். நான் அப்படி வரைந்தபோது எங்கள் லயத்தின் இஸ்தோப்பு (முன் திண்ணை), தோட்ட மேலாளரான பெரிய துரையின் பங்களாவைவிடப் பெரிதாக வந்துவிட்டது. அதை அழிக்கவில்லை. என் மனதில் எது எவ்வளவு பெரிது என்பதற்கு அந்தத் தாள்தான் அத்தாட்சி.

அப்புறம் வெற்றிடங்களைப் பாருங்கள். என் படத்தில் ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, மேலே ஒன்றுமே இல்லை. 26 வருடம் அங்கேயே வாழ்ந்தவள், அந்தப் பக்கம் ஒருநாளும் போனதில்லை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஏன் போகவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். "அது மேல்கணக்கு ஆளுங்க பக்கம்" என்றார். ஒரே தோட்டத்து இரண்டு டிவிசனுக்கு நடுவில் எந்த வேலியும் இல்லாமல் ஒரு எல்லை இருந்திருக்கிறது. உங்கள் தாளில் காலியாக இருக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் உங்கள் கேள்வியும் இருக்கும்.

அரசாங்க வரைபடமும் கூகுள் மேப்பும் இருக்கின்றனவே, எதற்குப் புதிதாக வரைய வேண்டும்?

அவற்றையும் கட்டாயம் பாருங்கள். நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டை அளந்துவருகிறது. பழைய ஒரு அங்குல வரைபடங்கள், இப்போதைய ஐம்பதாயிரத்தில் ஒன்று அளவுள்ள வரைபடங்கள் எல்லாமே அருமையான வேலை. மலையின் வளைவையும் ஆற்றின் போக்கையும் அந்தச் சமவுயரக் கோடுகளைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன்.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு காம்பரா, அதாவது லயத்தில் ஒரு குடும்பம் வாழும் அறை, 10 அடிக்கு 12 அடி என்பார்கள். பன்னிரண்டு காம்பரா உள்ள ஒற்றை லயத்தின் நீளம் 120 அடி. ஒரு மைலை ஒரு அங்குலமாகச் சுருக்கும் வரைபடத்தில் அது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பன்னிரண்டு குடும்பம், மூன்று தலைமுறை, எத்தனையோ பிரசவம், எத்தனையோ சாவு, எல்லாம் ஒரு பென்சில் முனைக்குள் அடங்கிவிடுகிறது. அந்த அளவில் ஒரு பீலியை யாராலும் காட்ட முடியாது.

பெயர்களையும் பாருங்கள். ஹொலிரூட், கிரேட் வெஸ்டர்ன், டன்சினன், டெவன் என்று நம் தோட்டங்களுக்குக் கடல் கடந்து வந்த பெயர்கள். தேயிலை நட்ட ஒவ்வொரு பகுதியையும் நாங்கள் மலை என்போம்; தோட்டத்து வரைபடத்தில் அந்த மலைகளுக்கு நம்பர் மட்டும்தான் இருக்கும். எங்கள் ஆட்கள் வாயில் அதே மலைகள் கிழவி மலை, ஒத்தமரத்து மலை, ஆனைக்கல் மலை என்று வாழ்கின்றன. கொழுந்து எடுக்கும் பெண்கள் சொல்லித்தான் 31 பெயர்களை எழுதினேன். அதில் ஒன்றுகூட அச்சிட்ட எந்த வரைபடத்திலும் இல்லை. உங்கள் தோட்டத்தில் வேறெதையும் செய்ய முடியாவிட்டால் இந்தப் பெயர்களையாவது எழுதி வையுங்கள்.

மலையில் தூரத்தை எப்படி அளப்பது?

மீட்டரில் அளக்காதீர்கள், நிமிடத்தில் அளந்து பாருங்கள். வரைபடம் மலையைத் தட்டையாக்கிவிடுகிறது. 30 பாகைச் சரிவில், வரைபடத்தில் 100 மீட்டராகத் தெரியும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கிட்டத்தட்ட 58 மீட்டர் உயர வித்தியாசம் இருக்கும். 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்து மலையேறி ஒரு எளிய கணக்குச் சொன்னார். சமதரையில் நடக்கும் நேரத்தோடு, ஏற வேண்டிய ஒவ்வொரு 2000 அடிக்கும் ஒரு மணித்தியாலம் கூட்ட வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒன்றேகால் நிமிடத்தில் முடிய வேண்டிய அந்த 100 மீட்டருக்கு ஏழு நிமிடம் ஆகும். அதுவும் கையில் பாரம் இல்லாதவருக்கு.

நான் குடத்தோடு நடந்து பார்த்தேன். அத்தை பிடிவாதமாகப் பழைய பித்தளைக் குடத்தையே கொடுத்தார். எங்கள் லயத்திலிருந்து கீழ்ப் பீலிக்கு வெறுங்கையோடு இறங்க 9 நிமிடம். நிறைகுடத்தோடு ஏறி வர 24 நிமிடம், இடையில் இரண்டு தரம் இறக்கி வைத்து. பாதையை அந்த நிமிடங்களுக்கு ஏற்ற நீளத்தில் வரைந்தேன். தாளில் கீழ்ப் பீலி தேயிலை ஸ்டோரைவிடத் தூரமாகப் போய்விட்டது. விடிவதற்குள் இரண்டு நடை தண்ணீர் எடுத்துவிட்டுப் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போன ஒரு பெண்ணுக்கு, தோட்டம் உண்மையில் அந்த அளவில்தான் இருந்திருக்கும்.

மூன்று பேர் மூன்று இடத்தைக் காட்டினால் யாரை நம்புவது?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கும் இதில்தான் அதிகக் காலம் போயிற்று.

பெரிய பீலி எங்கே என்று மூன்று பாட்டிமாரைக் கேட்டேன். எங்கள் லயத்திலேயே மூத்தவர் கிழவி மலைக்கு அடியில், ஆற்றோரம் என்றார். வெளியிலிருந்து கல்யாணமாகி வந்தவர், இல்லவே இல்லை, கோயிலுக்குப் பின்னால் என்றார். பிள்ளைக் காம்பராவில் (குழந்தைக் காப்பகத்தில்) ஆயாவாக இருந்தவர் பங்களா ரோட்டுக்குக் கீழே இருக்கும் தொட்டியைக் காட்டினார். மூவருக்கும் துளி சந்தேகமும் இல்லை. முதலில் நான், வயதாகிவிட்டதால் மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றும் வருந்துகிறேன்.

எந்த வருடம் என்று கேட்டால் யாருக்கும் சொல்ல வராது. ஆகவே, நம் ஆட்கள் எதை வைத்துக் காலத்தை நினைக்கிறார்களோ அதை வைத்துக் கேட்டேன். ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு முன்னாலா, பின்னாலா? 1964 ஒக்டோபரில் போட்ட அந்த ஒப்பந்தத்தில் நம் மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவானது. அதற்குப் பின் வந்த வருடங்களில் நம் ஒவ்வொரு லயத்திலும் ஏதாவது ஒரு காம்பரா காலியாயிற்று. தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன அழுகைக் கோச்சியை (ரயிலை) வயதானவர்கள் யாரும் மறக்கவில்லை. அப்புறம் பஞ்ச காலம், மரவள்ளிக் கிழங்கு தின்ற 1973, 74. தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது, 1975. கலவரம், 1983. கம்பெனி வந்தது, 1992. இந்தக் குச்சிகளை வரிசையாக நட்டுவிட்டு, "பீலி இங்கே இருந்தப்போ பெரியப்பா வீட்டு ஆளுங்க இருந்தாங்களா, போயிட்டாங்களா?" என்று கேட்டேன்.

ஒரே மத்தியானத்தில் எல்லாம் தெளிந்துவிட்டது. முதல் பாட்டி சொன்ன பீலி ஒப்பந்தத்துக்கு முந்தியது. இரண்டாமவர் சொன்னது, பெரியப்பா குடும்பம் கோச்சி ஏறியபிறகு, அரசாங்க காலத்தில் இருந்தது. மூன்றாமவர் சொன்ன தொட்டி கம்பெனி வந்தபிறகு கட்டியது. மூவர் சொன்னதும் சரி. ஊற்று ஒன்றுதான். அதைத் திருப்பி விட்ட இடம் மாறும்போதெல்லாம் 'பெரிய பீலி' என்ற பெயரும் கூடவே நகர்ந்திருக்கிறது. மூன்றையும் மூன்று ட்ரேசிங் பேப்பரில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் பங்களாவுக்குக் கிட்டப் போயிருக்கிறது. எங்கள் லயத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் தூரப் போயிருக்கிறது. ஜன்னலோரம் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

பீலி எங்கே என்ற என் கேள்வி அன்றோடு மாறிவிட்டது. தண்ணீரை நகர்த்த முடிவெடுத்தது யார், அந்த முடிவுக்காகக் கூடுதலாக நடந்தது யார் என்று கேட்கத் தொடங்கினேன். உங்களுக்கும் கேள்வி நடுவழியில் மாறினால் பயப்பட வேண்டாம். மாறிய தேதியைப் படத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

ஒரே தாளில் எல்லாவற்றையும் போட்டுக் குழம்பிவிட்டேன். எப்படிப் பிரிப்பது?

நம் அகத்திணை இலக்கணத்திலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. பள்ளியில் முதல், கரு, உரி என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் தெய்வம், உணவு, மரம், விலங்கு, பறை, தொழில் எல்லாம் கருப்பொருள். அங்கே மனிதருக்குள் நடப்பது உரிப்பொருள். என் மூன்று அடுக்குகளும் இவைதான்.

முதல் தாளில் மலை, ஆறு, கான், ரோடு. பொழுதையும் சேர்க்க மறக்காதீர்கள். எங்கள் தோட்டத்தில் அரைவாசி இடங்கள் பனிமூட்டத்தில் காணாமல் போய்விடும், அது எத்தனை மணிக்கு வரும் என்பதும் அந்த நிலத்தின் குணம்தான். இரண்டாம் தாளில் மாரியம்மன் கோயில், காமன் கூத்து ஆடும் காமன் பொட்டல், கொழுந்து நிறுக்கும் மடுவம், தேயிலை நாற்று வளர்க்கும் தவறணை, பிள்ளைக் காம்பரா. தேயிலை ஸ்டோரின் சக்கரத்தைக் காக்கும் ரோதைமுனியும், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கும்பிடும் கவ்வாத்துச்சாமியும் அதில்தான் வருவார்கள். கருப்பொருளில் தெய்வத்தை முன்னால் வைத்தவர்கள் இவர்களைப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். மூன்றாம் தாள் கடினமானது. யார் எங்கே காத்திருந்தார், எங்கே அழுதார், எங்கே சிரிப்புச் சத்தம் கேட்கும். அப்பாயி காலத்துப் பெண்கள் எல்லோரும் சிரித்த இடம் என்று காட்டியது ஒன்றே ஒன்று, பீலிதான்.

என்னென்ன சாமான் வேண்டும்?

கொப்பி, பென்சில், அழிறப்பர், ட்ரேசிங் பேப்பர், ஒரு போன். போன் காட்டும் இடம் திறந்த வெளியில் சுமார் 5 மீட்டர் முன்பின்னாக இருக்கும். பள்ளத்தாக்கிலும் மரத்தடியிலும் இன்னும் மோசமாகும், ஆகவே அதை முழுசாக நம்ப வேண்டாம். கணினி இருந்தால் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம். இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

எந்த மாதத்தில் நடப்பது நல்லது?

அட்டன், தலவாக்கலை, லிந்துலைப் பக்கம் தை, மாசி. வைகாசிக்குப் பிறகு தென்மேற்குப் பருவமழை, பாதையெல்லாம் அட்டை. பதுளை, பசறைப் பக்கம் மழை ஐப்பசிக்குப் பிறகுதான் பலமாக இருக்கும், ஆகவே ஆடி, ஆவணி நல்லது. ஊற்றைத் தேடுகிறீர்கள் என்றால் வெயில் காலத்தில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை போகத்தான் வேண்டும்.

வறட்சியில் மட்டும் தெரியும் இடங்களும் உண்டு. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் நன்றாக வற்றும்போது, மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே வரும். மஸ்கெலியா ஆட்கள் யாராவது இருந்தால், அந்தப் பழைய டவுனின் கடைவீதியை உங்கள் பெரியவர்களிடம் கேட்டு வரையுங்கள். அதைப் பார்க்க எனக்கு மிகவும் ஆசை.

எதை வரையக்கூடாது?

தண்ணீருக்குப் போகும் பாதைகளோடு, டியூசன் முடிந்து பெண் பிள்ளைகள் திரும்பும் குறுக்குப் பாதையையும் நேரத்தோடு வரைந்திருந்தேன். வாசிகசாலையில் படத்தைப் பார்த்த ஒரு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளைங்க தனியா வர்ற நேரத்த ஊருக்கே எழுதி ஒட்டியிருக்கியே தாயி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போதே கழற்றி அழித்தேன். அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒட்டுவதற்கு முன்னால், அந்தப் படத்தில் யாருடைய நடமாட்டம் இருக்கிறதோ அவரே பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். காணிச் சண்டை நடக்கும் எல்லை, யார் வீட்டில் ஆண்துணை இல்லை என்ற விவரம், ஒருவர் தன் குடும்ப விஷயமாக அழுதுகொண்டே சொன்ன இடம், இவை என் கொப்பியோடு நிற்கும். இணையத்தில் எவரும் திருத்தக்கூடிய வரைபடத்தில் ரோடு, கோயில், பள்ளிக்கூடம், இடத்தின் பெயர் ஆகியவற்றை மட்டும்தான் சேர்க்கிறேன்.

வரைபடத்தால் தோட்டத்துக்கு ஏதாவது பலன் உண்டா?

ஒன்றைச் சொல்கிறேன். வற்றிப்போன பீலிகளை நீலப் பென்சிலில் வட்டமிட்டு, புதிதாக ஈரம் கசியும் இடங்களைச் சிவப்பில் வட்டமிட்டேன். ஒரு வற்றிய பீலிக்கு நேர் கீழே, ஒரு லயத்தின் பின்சுவரை ஒட்டிச் சிவப்பு வட்டம் விழுந்தது. நான் நிலவியல் படித்தவள் இல்லை. ஆனால் ஊற்று திடீரென வற்றுவது, புதிய இடத்தில் நீர் கிளம்புவது, கலங்கி வருவது, மரம் சாய்வது, நிலத்திலும் சுவரிலும் வெடிப்பு விழுவது ஆகியவை மண்சரிவுக்கு முன்னறிகுறிகளாக இருக்கலாம் என்று நமக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மனிதர்களை மண் மூடியதை நாம் பார்த்தோம். அங்கே ஆபத்து இருக்கிறது என்று அதற்கு முன்பே எச்சரித்திருந்தார்கள்.

படத்தின் பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்தோம். அந்த லயத்தில் இருப்பவர்கள் பலத்த மழை நாட்களில் இரவு பாடசாலையில் போய்ப் படுக்கிறார்கள். உங்கள் படத்திலும் இப்படி ஏதாவது தெரிந்தால், படம் முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. எந்தச் சரிவு ஆபத்தானது என்று ஆராய்ந்து வரைவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அவர்களுக்கு நம் பீலிகளின் பழைய கதை தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் குடும்பம் இந்தியாவிலிருந்து வந்த வழியை வரையலாமா?

கட்டாயம் வரையுங்கள். முதலில் வீட்டுத் தகரப்பெட்டியைத் திறந்து பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைப் பத்திரம், பழைய கடிதங்களில் இருக்கும் ஊர்ப் பெயர்களை எழுதுங்கள். எப்போது வந்தார்கள் என்பதைப் பொறுத்து வழி மாறும். 1914இல் தலைமன்னார்வரை கோச்சி ஓடத் தொடங்கியது. அதற்கு முன்னால் வந்த பலர் மன்னாரிலிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள். 2023இல், நம் மக்கள் இங்கே வந்த இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் அந்த வழியை மனதில் வைத்துத்தான் நடந்தார்கள். பெயர் மட்டும் தெரிந்து இடம் தெரியாத ஊர்களைப் படத்தின் ஓரத்தில் தனியாக எழுதுங்கள். தெரிந்த மாதிரி ஒரு புள்ளி வைத்துவிடாதீர்கள், உங்கள் பிள்ளைகள் அதை உண்மை என்று நம்பிவிடுவார்கள்.

கடைசியில் அப்பாயியின் பெரிய பீலி கிடைத்ததா?

கிழவி மலைக்கு அடியில், மூத்த பாட்டி சொன்ன இடத்தில், இப்போது மானாப்புல் ஆளுயரம் வளர்ந்திருக்கிறது. அப்பாவும் நானும் கத்தியோடு போய் வெட்டினோம். தண்ணீர் இல்லை. ஒரு பெரிய தட்டைக்கல் இருந்தது. அதன் நடுவில், குடம் வைத்து வைத்துத் தேய்ந்த ஒரு வட்டக் குழி. அத்தையின் பித்தளைக் குடத்தை அடுத்த நாள் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். சரியாக உட்கார்ந்தது.

வந்து மூத்த பாட்டியிடம் சொன்னேன். கல்லுக்கு எந்தப் பக்கம் கொய்யா மரம் நின்றது என்று கேட்டார். அதை நான் கவனிக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போகிறோம்.